பாரம் வந்தவுடனே பெட்டி கட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மௌன ஆராதனையைப் பற்றி எழுதியபோது (தங்கள் சபையை அவர்கள் ‘கூட்டம்’ என்பார்கள்), அவர்களில் சிலர் சம்பளம் வாங்காமல் ஊர் ஊராகப் போய்ச் செய்யும் பயண ஊழியத்தையும் இரண்டு பத்தியில் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு பத்திக்குத்தான் கடிதங்கள் அதிகம். நாலு கடிதங்களை இந்த மாதம் எடுத்துக்கொள்கிறேன். முதல் பதில் நீண்டுவிட்டது. அந்தத் தம்பிக்கு அவ்வளவும் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. மதுரையில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். இப்போது இந்தியானாவில் மென்பொருள் வேலை. நாலு வருஷமாகக் குவேக்கர் கூட்டத்துக்குப் போகிறேன், போன வருஷம் உறுப்பினரானேன். ஏழெட்டு மாதமாக மௌனத்தில் உட்கார்ந்தாலே ஒரே எண்ணம். ஆள் குறைந்து மூடும் நிலையில் இருக்கிற சின்னச் சின்னக் கூட்டங்களுக்குப் போய் அவர்களோடு உட்கார வேண்டும், பேச வேண்டும், தைரியம் சொல்ல வேண்டும். வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் போய்வரலாம் என்று பார்க்கிறேன். என் மனைவி, ‘நாற்பது தாண்டிய ஆம்பளைகளுக்கு வருகிற கிறுக்கு’ என்கிறாள். இது அழைப்பா, என் ஆசையா? எப்படித் தெரிந்துகொள்வது?
– பெயர் வேண்டாம், இந்தியானா

பதில்: தம்பி, அவசரமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு எண்ணம் ஏழெட்டு மாதமாக மௌனத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ‘ஒரு வருஷம்’, ‘வேலையை விட்டு’, ‘தைரியம் சொல்ல’ என்பதெல்லாம் அந்த எண்ணத்தோடு சேர்ந்து வந்தவையா, நீங்கள் பிறகு சேர்த்தவையா? அதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘பாரம்’ என்ற சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். கன்வென்ஷன் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ‘வட இந்தியாவுக்காக ஆண்டவர் எனக்குப் பாரம் கொடுத்திருக்கிறார்’ என்பார். அழுவோம், ஜெபிப்போம், காணிக்கை எடுப்போம். அடுத்த மாதம் அவர் ரயில் ஏறியிருப்பார். மனசில் வந்து உட்கார்ந்துகொண்டு, இறக்கி வைக்கிறவரை விடாத ஒன்றைக் குவேக்கர்கள் ஆங்கிலத்தில் என்ன சொல்லி அழைக்கிறார்களோ, அதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களிடம் பாரம் வந்தவர் உடனே கிளம்புவதில்லை. தன் கூட்டத்தாரின் முன்னால் கொண்டுபோய் வைக்கிறார். எனக்கு இப்படித் தெரிகிறது, உங்களுக்கும் தெரிகிறதா என்று கேட்கிறார்.

ஆரம்பத்தில் இந்த நிதானம் இருந்ததில்லை. 1650-களில், குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸின் பிரசங்கம் கேட்ட வட இங்கிலாந்து உழவர்களும் வேலைக்காரப் பெண்களும் போட்டது போட்டபடி கிளம்பினார்கள். அதில் எவ்வளவோ நல்லது நடந்தது. 1656-ல் ஜேம்ஸ் நெய்லர் என்பவர், எருசலேமுக்குள் இயேசு நுழைந்ததைப் போல, சுற்றிலும் ஆட்கள் பாடிக்கொண்டு வர, பிரிஸ்டல் நகருக்குள் குதிரையில் போனதும் நடந்தது. அவரும் ஆவியின் நடத்துதல் என்றுதான் நம்பினார். நாடாளுமன்றம் அவர் நாக்கைத் துளைத்து நெற்றியில் சூடு போட்டது. ஒருவருக்கு வருகிற வெளிச்சத்தைப் பலர் சேர்ந்து சோதிக்க வேண்டும் என்று குவேக்கர்கள் இவ்வளவு அழுத்தமாகப் பிடித்துக்கொண்டதற்கு அந்தக் காயமும் ஒரு காரணம்.

அந்தச் சோதனை நன்றாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஜான் வுல்மனைத்தான் நான் எப்போதும் சொல்வேன். நியூஜெர்சியில் மௌண்ட் ஹாலி என்ற ஊரில் தையல்காரர். 1720-ல் பிறந்தவர். அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களின் வீடு வீடாகப் போய், சத்தம் போடாமல், அவர்கள் மனசாட்சியோடு பேசியவர். அது தனிக் கதை. நான் சொல்ல வருவது 1763-ல் அவர் போன ஒரு சின்னப் பயணம்.

1761 ஆகஸ்டில், ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்திருந்த பழங்குடி மக்கள் சிலரை மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு சந்திக்கிறார். சஸ்குவஹானா ஆற்றங்கரையில், சுமார் 200 மைல் தள்ளியிருந்த வயலூசிங் பக்கத்தவர்கள். அவர்களுடைய ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மனசில் வந்து உட்கார்ந்தது. உடனே யாரிடம் சொன்னார்? மனைவி சாராவிடம் மட்டும். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. அது பழுக்கட்டும் என்று ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார். பிறகு, 1762 குளிர்காலத்தில், சபைக் காரியங்களை முடிவுசெய்யும் உள்ளூர் மாதக் கூட்டத்தில் வைத்தார். அப்புறம் காலாண்டுக் கூட்டம், அடுத்து வசந்த காலத்தில் இன்னும் பெரிய கூட்டம். எல்லாரும் ஒருமனப்பட்ட பிறகு, 1763 ஜூனில் புறப்பட ஆயத்தமானார்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி கதவைத் தட்டி எழுப்புகிறார்கள். பிட்ஸ்பர்க் பக்கமிருந்து செய்தி வந்திருக்கிறது. மேற்கே சண்டை மூண்டுவிட்டது, ஒரு கோட்டை பிடிபட்டது, வெள்ளைக்காரர்கள் பலர் கொல்லப்பட்டார்கள் என்று. கேட்டுவிட்டு வந்து படுத்தார். மனைவியை எழுப்பவில்லை, காலையில்தான் சொன்னார். அந்த அம்மாள் கலங்கிப் போனார்கள். சில மணி நேரம் கழித்து, போவதுதான் தன் கடமை என்று அவருக்கு மனம் நிலைப்பட்டது. மனைவியும் தாங்கிக்கொண்டார்.

எனக்குப் பெரிய பாடம் இதற்கப்புறம்தான் இருக்கிறது. காட்டு வழியில், மழையில் நனைந்த கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு தன்னையே துருவிப் பார்க்கிறார். நான் ஏன் திரும்பிப் போகாமல் இருக்கிறேன்? உறுதியான ஆள் என்று பெயர் வாங்கவா? இவ்வளவு பேரிடம் சொல்லிவிட்டுப் பாதியில் திரும்பினால் அவமானம் என்றா? இதைத் தன் நாட்குறிப்பில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். தம்பி, கூட்டம் சம்மதித்து, மனைவி சம்மதித்து, பாதி வழி போன பிறகும் அந்த மனிதர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே கூடாரத்தில்தான், தன்னைக் கிளப்பியது முதலில் அந்த மக்கள் மேலிருந்த அன்புதான் என்றும், அவர்களோடு கொஞ்சநாள் இருந்து அவர்கள் வாழ்க்கையை உணர்ந்துகொள்ள வந்தேன் என்றும், அவர்களிடம் ஏதாவது கற்றுக்கொள்ளக் கிடைக்குமோ, தன்னால் அவர்களுக்கு ஏதாவது ஆகுமோ என்றும் எழுதினார். கற்றுக்கொள்வதை முன்னால் வைத்தார், கவனித்தீர்களா?

இவ்வளவுக்கும் வயலூசிங்கில் அவர் தங்கியது நாலு நாள். ஒருமுறை மொழிபெயர்ப்பாளரை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தன் மொழியிலேயே ஜெபித்தார். பப்பூனஹாங் என்ற அவ்வூர்த் தலைவருக்கு அதில் ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. வார்த்தைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை உணரப் பிடிக்கிறது என்று அவர் சொன்னாராம். சில நாட்களில் அதே பப்பூனஹாங் அங்கே வந்திருந்த, மொராவியன் என்ற வேறொரு கிறிஸ்தவ சபையின் போதகரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஆத்துமாக் கணக்கு எழுதுகிறவர்கள் வுல்மனின் பக்கத்தில் பூஜ்யம் போடுவார்கள். அவர் அந்தக் கணக்குக்குப் போகவே இல்லை.

இரண்டு வருஷம் காத்திருந்து, நாலு நாள். உங்கள் ஏழெட்டு மாதத்தையும் ஒரு வருஷத் திட்டத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி என் கதை. எனக்கும் 2012-ல் உங்களுக்கு வந்ததேதான் வந்தது. அப்போது அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். சம்பளமில்லாத விடுப்பு எட்டு மாதம் எடுத்துக்கொண்டு நடு மாநிலங்களில் உள்ள சிறு கூட்டங்களைச் சுற்றி வருவது என்று வரைபடமே போட்டுவிட்டேன். எங்கள் கூட்டத்தை நடத்தும் கிளார்க்கிடம் சொன்னதும், வந்த பாரத்தைச் சோதித்துப் பார்க்கத் தெளிவுக் குழு ஒன்று போட்டார்கள். நாலு பேர். கூட்டத்தின் பின்னறையில், குளிர்கால ராத்திரி, ஹீட்டர் குழாய் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் குழுவில் உட்காருகிறவர்கள் புத்தி சொல்லக் கூடாது. ‘என் அனுபவத்தில்’ என்று ஆரம்பிக்கக் கூடாது. கேள்வி மட்டும்தான் கேட்கலாம், அதுவும் பதிலை உள்ளே ஒளித்து வைக்காத கேள்வி. ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஐந்து நிமிஷம்கூட யாரும் பேசாமல் இருப்பார்கள். முதல் முக்கால் மணி நேரம் நான் நன்றாகவே பதில் சொன்னேன். அப்புறம் அதுவரை வாயே திறக்காத ஒரு பெரியவர் கேட்டார்: ‘எட்டு மாதம் நீங்கள் இங்கே இல்லாவிட்டால், யாரைப் பார்க்காமல் இருப்பது உங்களுக்கு நிம்மதியாக இருக்கும்?’

எனக்கு வாய் வரவில்லை. எங்கள் இடுகாட்டுச் சுவரைப் பழுதுபார்க்கும் செலவு விஷயத்தில் கூட்டத்தில் ஒருவரோடு எனக்குப் பெரிய மனத்தாங்கல். ஐந்து மாதமாக அவரோடு பேச்சு இல்லை. அவர் இடதுபக்க பெஞ்சில் உட்கார்ந்தால் நான் வலதுபக்கம் போவேன். அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் அது தெரியும். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஹீட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேன்.

குழு ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ‘எங்களுக்கு இன்னும் தெளிவு வரவில்லை’ என்றது. அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை சரியாக வரவில்லை. மூன்றாவது தடவைதான் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசினோம். அதன் பிறகு பாரம் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. ஆனால் அது மாறிவிட்டிருந்தது. எட்டு மாதம் என்பது கழன்றுவிட்டது. பேச வேண்டும் என்பதும் கழன்றுவிட்டது. பக்கத்திலேயே, தென் நியூஜெர்சியில், குளிர்காலத்தில் நாலைந்து பேரே கூடுகிற கூட்டங்களில் போய் உட்கார வேண்டும் என்பது மட்டும் நின்றது. பதினாலு மாதம் கழித்துக் குழு மறுபடி கூடியது. அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டோம்.

அதன் பிறகு மாதக் கூட்டத்தில் வைத்தார்கள். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. எல்லாரும் ஒருமனப்பட்டால்தான் கிளார்க் மினிட், அதாவது தீர்மானக் குறிப்பு, எழுதி, அங்கேயே வாசித்துக் காட்டி, சரி என்று கேட்டுக்கொள்வார். எனக்குக் கொடுத்த பயண மினிட் ஐந்து வரி. இன்னார் எங்கள் உறுப்பினர், இந்தப் பாரத்தோடு வருகிறார், நாங்கள் அவரோடு ஒருமனமாயிருக்கிறோம், எங்கள் அன்பை எடுத்து வருகிறார். போகிற இடத்துக் கிளார்க் அதன் பின்பக்கத்தில் நாலு வார்த்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். திரும்பி வந்ததும் அதைக் கூட்டத்தில் ஒப்படைக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு அலையக் கூடாது.

தனியாகவும் அனுப்பமாட்டார்கள். மூப்பர் ஒருவர் துணைக்கு வருவார். எனக்குத் துணையாக வந்தவர் 74 வயது, ஓய்வுபெற்ற நர்ஸ். முதல் ஊரில் ஆறு பேர் இருந்தார்கள். உட்காரத்தான் வந்தோம் என்று எனக்கே தெரிந்தும், மௌனத்தில் எழுந்து எட்டு நிமிஷம் பேசிவிட்டேன். எல்லாரும் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். திரும்பும் வழியில் நாற்பது மைல் அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி என் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டார்: ‘முதல் மூன்று நிமிஷம் எங்கிருந்து வந்தது? கடைசி ஐந்து நிமிஷம் எங்கிருந்து வந்தது?’

வுல்மனுக்கும் இளவயதில் இது நடந்திருக்கிறது. முதன்முதலாகக் கூட்டத்தில் எழுந்து பேசியபோது, கொடுக்கப்பட்டதற்கு மேலே பேசிவிட்டோம் என்று உடனே தெரிந்து, வாரக்கணக்கில் மனம் நொந்து கிடந்தார். சுமார் ஆறு வாரம் கழித்துத்தான் மறுபடி எழுந்து சில வார்த்தைகள் சொன்னார். நான் அடுத்த இரண்டு ஊரிலும் வாயைத் திறக்கவில்லை. கடைசி ஊரில் கிளார்க்குக்கு எண்பதுக்கு மேல் வயது. பேனா தேடி மூன்று இழுப்பறைகளைத் திறந்துவிட்டு, ஜன்னல் திண்டில் வைத்து என் மினிட்டின் பின்னால் எழுதினார்: ‘எங்களோடு உட்கார்ந்தார்கள். மழை. ஏழு பேர்.’

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனைவி சொன்னதைக் கேலியாக எடுத்துக்கொண்டு ஒதுக்காதீர்கள். ‘கிறுக்கு’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கும். வீட்டுக் கடனா, பிள்ளைகளின் படிப்பா, அமெரிக்காவில் தனியாக இருக்க வேண்டுமே என்பதா? தெளிவுக் குழுவில் கேட்பது போல, பதிலை மனசில் வைத்துக்கொள்ளாமல் ஒருநாள் அவர்களிடம் கேளுங்கள். வீட்டில் ஒருமனம் இல்லாமல் கூட்டத்தில் ஒருமனம் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம் உங்கள் கிளார்க்கிடம் போய்த் தெளிவுக் குழு வேண்டும் என்று கேளுங்கள். ஏற்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். வந்த எண்ணத்தை, வந்தபடி, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கொடுங்கள். ஒரு சனி ஞாயிறில் போய்வரக்கூடிய தூரத்தில், ஆள் குறைந்த கூட்டம் ஒன்று உங்கள் பக்கத்திலேயே இருக்கும். குழு சம்மதித்தால் அங்கே ஒருமுறை, துணையோடு, போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இந்தியானாவில் பாஸ்டர் வைத்து, பாட்டுப் பாடி ஆராதிக்கிற குவேக்கர் சபைகளும் நிறைய உண்டு. போகிற இடத்தின் வழக்கம் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ‘மூடும் நிலையில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறேழு பேர் தங்களை அப்படி நினைக்காமல் இருக்கலாம். அறுபது வருஷமாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு நாம் தைரியம் சொல்லப் போகிறோமா, அவரிடமிருந்து வாங்கிவரப் போகிறோமா என்பது போனால்தான் தெரியும்.

கேள்வி: சம்பளமும் இல்லை, காணிக்கைப் பையும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பயணச் செலவு யார் தலையில்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அனுப்புகிற கூட்டத்தின் தலையில். 1654 வாக்கிலேயே, ஸ்வார்த்மோர் மாளிகையில் இருந்த மார்கரெட் ஃபெல் அம்மையார் முன்னின்று, கெண்டல் என்ற ஊரின் பெயரில் ஒரு நிதி திரட்டினார். பயணம் போன ஊழியர்களுக்குச் செருப்பு, துணிமணி, சிறையில் கிடந்தவர்களுக்குச் செலவு எல்லாம் அதிலிருந்து போனது. இன்றும் ஏறக்குறைய அதேதான். பெட்ரோல், பஸ் கட்டணத்தைக் கூட்டம் கொடுக்கும். தங்குவதும் சாப்பிடுவதும் போகிற ஊர் உறுப்பினர் வீட்டில். வசதியில்லாதவர் வேலையை விட்டுப் போக நேர்ந்தால், வீட்டுச் செலவுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கிற கூட்டங்கள் உண்டு.

ஆனால் ஓசிச் சாப்பாட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று நாம் சொல்கிறோம் இல்லையா, அதுதான் வுல்மனை உறுத்தியது. 1757-ல் தென் மாகாணங்களுக்குப் போனபோது அவரை உபசரித்த வீடுகளில் சமைத்ததும் பரிமாறியதும் படுக்கை விரித்ததும் அடிமைகள். அந்த உபசாரத்தை இலவசமாக வாங்கிக்கொண்டால் அடிமைமுறைக்கு எதிராகப் பேச வேண்டிய வாய் கட்டுப்பட்டுப் போகும் என்று பயந்தார். அதனால் வெள்ளிக் காசுகள் கொண்டுபோய், புறப்படும்போது அந்த அடிமைகளுக்குக் கொடுத்தார். சில இடங்களில் வீட்டுக்காரர் கையில் கொடுத்துப் பங்கிடச் சொன்னார், சில இடங்களில் நேரடியாகத் தானே கொடுத்தார். பணக்காரர் என்று பார்க்கப்பட்ட வீட்டுக்காரருக்கு இது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும், கொடுத்தவருக்கும் எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! வாசற்படியில் நின்று காசை எடுத்த அந்தச் சில நொடிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பிரசங்கம் செய்வது அதைவிட எளிது.

கேள்வி: பெண்களும் இப்படிப் போனார்களா, ஆண்களுக்குத் துணையாகத்தானா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: ஆரம்பத்திலிருந்தே பெண்கள் தாமாகவே போனார்கள், பெரும்பாலும் இரண்டு பெண்களாக. மேரி ஃபிஷர் யார்க்ஷயரில் வீட்டு வேலைக்காரி. 1656-ல் ஆன் ஆஸ்டின் என்ற பெண்ணோடு பாஸ்டன் துறைமுகத்தில் போய் இறங்கினார். கொண்டுபோன புத்தகங்களைக் கொளுத்தினார்கள். சூனியக்காரியின் அடையாளம் இருக்கிறதா என்று உடம்பைச் சோதித்தார்கள். ஐந்து வாரம் சிறையில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே மேரி, எடிர்னே நகரில் பாளையமிறங்கியிருந்த துருக்கி சுல்தான் நான்காம் மெஹ்மதின் முன்னால் போய் நின்று தனக்குக் கொடுக்கப்பட்ட செய்தியைச் சொன்னார். சுல்தான் மரியாதையாகக் கேட்டார், வழித்துணைக்கு ஆள் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துணையில்லாமலே கிளம்பினார். கிறிஸ்தவ பாஸ்டனில் கிடைக்காத மரியாதை சுல்தானின் கூடாரத்தில் கிடைத்தது.

தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறாய், அம்மா. மார்ஜரி சைக்ஸ் என்ற ஆங்கிலப் பெண் 1928-ல் சென்னை பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார், தமிழ் கற்றார், சென்னையில் இருந்த காலத்திலேயே குவேக்கர்களோடு சேர்ந்தார். பின்னால் சாந்திநிகேதன், சேவாகிராமம், கோத்தகிரி என்று இந்தியாவிலேயே பல ஆண்டு வாழ்ந்தார். ஆனால் நாம் பேசுகிற பயண ஊழியம் அதுவல்ல. அவர் வந்து தங்கியவர். இது போய்த் திரும்புவது.

கேள்வி: எனக்கு 61 வயது. சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களைப் பற்றி மற்றக் கூட்டங்களில் போய்ப் பேச வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பாரம். தெளிவுக் குழு இரண்டு முறை உட்கார்ந்துவிட்டு, ‘எங்களால் பார்க்க முடியவில்லை’ என்று சொல்லிவிட்டது. குழுவும் மனிதர்கள்தானே, தவறாதா? மினிட் இல்லாமலே போய்விடலாமா என்று நினைக்கிறேன்.
– வாசகி, இங்கிலாந்து

பதில்: தவறும், சகோதரி. குழு தவறும், முழுக் கூட்டமும் தவறும். நீங்கள் இருக்கும் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். குவேக்கர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது.

1772 ஜூனில் வுல்மன் லண்டனுக்குக் கப்பலில் வந்து சேர்ந்தார். கப்பல் அறையில் இருந்த வீண் அலங்காரச் செதுக்கு வேலைகள் மனசுக்கு ஒப்பாமல், ஐந்து வாரமும் மாலுமிகளோடு கீழ்த்தளத்தில் பயணம் செய்து, கப்பலை விட்டு இறங்கி நேராக வருடாந்தரக் கூட்டத்துக்குப் போனார். ஏற்கெனவே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சாயம் போடாத துணியில் சட்டை, வெள்ளைத் தொப்பி. சாயம் அழுக்கை மறைப்பதும் அதற்கு ஆகும் வீண் செலவும் அவருக்குப் பிடிக்காது. லண்டன் பெரியவர்களுக்கு அவர் யாரோ வினோதமான ஆளாகத் தெரிந்தார். அமெரிக்காவிலிருந்து முறைப்படி மினிட் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் ஒருவர் எழுந்து, இந்த நண்பர் வந்ததே போதும், அவருடைய அர்ப்பணிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, இனி அவர் வீடு திரும்பலாம் என்ற பொருளில் பேசினார்.

கடல் கடந்து வந்தவர். உட்கார்ந்தபடியே கண்ணீர் விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பாரத்திலிருந்து தனக்கு விடுதலை கிடைத்ததாக உணரவில்லை என்றார். ஆனால் உங்கள் ஒருமனம் இல்லாமல் பயணம் செய்யவும் மாட்டேன். அதுவரை உங்களுக்குச் செலவு வைக்க எனக்கு மனமில்லை, கைத்தொழில் தெரியும், ஏதாவது வேலை கொடுங்கள், செய்து பிழைத்துக்கொள்கிறேன் என்றார். உட்கார்ந்துவிட்டார். மௌனம். பிறகு அதே கூட்டத்தில் மறுபடி எழுந்து, கொடுக்கப்பட்டதைப் பேசினார். அதைக் கேட்டதும், திரும்பிப் போகச் சொன்னவரே எழுந்து தான் தவறாக நினைத்துவிட்டதாக ஒத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகுதான் வடக்கே நடந்து புறப்பட்டார். அக்டோபர் 7-ஆம் தேதி யார்க் நகரில் பெரியம்மையில் இறந்தார்.

அந்தச் சில நிமிஷங்களில் அவர் எதைச் செய்யவில்லை என்று பாருங்கள். ‘நீங்கள் யார் என்னைத் தடுக்க’ என்று வெளியே போகவில்லை. ‘உங்கள் சித்தம்’ என்று பாரத்தைக் கீழே போடவுமில்லை. இரண்டுக்கும் நடுவில், ஊசியும் நூலுமாக அதே ஊரில் உட்காரத் தயாராக இருந்தார். மினிட் இல்லாமல் போவதைப் பற்றி என் எண்ணமும் இதுதான். போனால் உங்களைத் தடுக்க யாரும் இல்லை. உங்கள் நாட்டில் 1924-லேயே, பேசும் வரம் உள்ளவர்கள் என்று சிலரை ஊழியர்களாகப் பதிவு செய்கிற வழக்கத்தை விட்டுவிட்டார்கள். யாரும் எழுந்து பேசலாம். ஆனால் திரும்பி வரும்போது ‘எங்கிருந்து வந்தது’ என்று கேட்கிற துணை ஒருவர் காரில் பக்கத்தில் இருக்கமாட்டார். அது இல்லாமல் நான் போகமாட்டேன்.

‘பார்க்க முடியவில்லை’ என்பது ‘கூடாது’ என்பதல்ல, அதைக் கவனியுங்கள். அவர்கள் எதைப் பார்க்க முடியவில்லை? பாரத்தையா, பயணத்தையா, உங்கள் உடம்பு தாங்கும் என்பதையா? இல்லை, அந்தக் குடும்பங்களின் கதையை அவர்கள் சம்மதம் இல்லாமல் நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்பதையா? இந்தக் கடைசிக் கேள்வி உங்கள் கடிதத்தை வாசித்தபோதே எனக்கு வந்தது. தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் குடும்பங்களில் ஒருவராவது, ‘நீங்கள் போய் எங்களுக்காகப் பேசுங்கள்’ என்று உங்களிடம் கேட்டிருக்கிறார்களா?

ஆறு மாதம் போகட்டும். உங்கள் வட்டாரக் கூட்டத்திலிருந்து, உங்களை அதிகம் பழக்கமில்லாத இரண்டு பேரையும் சேர்த்துக் குழுவைத் திரும்பக் கூட்டச் சொல்லுங்கள். அதுவரை, மினிட் எதுவும் தேவைப்படாத ஒன்று இருக்கிறது. சிறையில் பார்வை நேரத்துக்குப் போக வண்டி வசதி இல்லாத ஒரு தாயாரைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அவரை மாதம் ஒருமுறை உங்கள் காரில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். குழு மறுபடி கூடிய பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.